கடைசி பஸ் எத்தனை மணிக்கு?



சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் வன்னியைச் சொந்த இடமாகக் கொண்ட ஓர் அக்கா. கணவரை யுத்தத்தில் இழந்தவர். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். வருகிற ஜூன் மாதத் தொடக்கத்தில் எட்டு நாள் விடுமுறை கிடைக்கும் என்றும், அந்த எட்டு நாளும் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் ஏறித் தனியே ஸ்கொட்லாந்தைச் சுற்றிப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலைக்கும் கோயிலுக்கும் தவிர இதுவரை தனியே எங்கும் போனதில்லை. "சொன்னவுடனே எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கினம், தங்கச்சி. யாரோடை போறாய்? எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. என்னால ஏலுமே?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்த அக்காவுக்குத் தனியே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் "யாரோடு?" என்ற கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. இதை வாசிக்கும் உங்களில் பலர் கச்சேரிக்குப் போகும்போதும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே ஸ்கொட்லாந்துப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை இம்மாதம் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

"யாரோடு?" என்பது அக்கறையில் பிறக்கும் கேள்விதான். யுத்த காலத்தில் அதற்குத் தக்க காரணமும் இருந்தது. ஆனால் கணவரை இழந்தவரும், கணவர் காணாமல் போனவரும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை காத்திருந்தால் ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். "எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், எங்கே இறங்கி, எங்கே தங்குவது என்று கேட்டால் அவை ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. தாளில் எழுதி வைக்கக்கூடிய பதில்.

ஸ்கொட்லாந்துக்கு இந்த முறையில் போன பெண்கள் முன்பே இருக்கிறார்கள். சேரா மரே என்ற ஆங்கிலேயப் பெண் கணவரை இழந்தவர். 1796ஆம் ஆண்டில், ஐம்பது வயதைத் தாண்டிய பின், குதிரை வண்டியில் பணியாட்களுடன் ஸ்கொட்லாந்து மலைநாட்டில் ஏறக்குறைய இரண்டாயிரம் மைல் பயணம் செய்தார். 1799இல் அதை ஒரு வழிகாட்டி நூலாக வெளியிட்டார். எந்த வீதி மோசம், எந்தச் சத்திரத்தில் தங்கலாம், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை மைல், வண்டியில் எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பவற்றை அவர் தமக்குப் பின் வருகிறவர்களுக்காக எழுதி வைத்தார். அவருக்குப் பணியாட்களை வைத்துக்கொள்ள வசதி இருந்தது, எமக்கு இல்லை. ஆனால் இன்று எமக்குப் பொதுப் போக்குவரத்து இருக்கிறது.

எட்டு நாளில் ஒரு வட்டம்

முதலில் ஒரு வரைபடத்தில் பென்சிலால் வட்டம் கீறுங்கள். போன வழியே திரும்பி வராமல் சுற்றி வருவது நல்லது. நான் அந்த அக்காவுக்குக் கீறிக் கொடுத்த வட்டம் இது.

சனிக்கிழமை லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ. ஏறக்குறைய நாலரை மணித்தியாலம். ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே இருப்பதால் வழியில் எல்லைச் சோதனை கிடையாது. இலங்கையிலிருந்து போகிறவர்களும் ஐக்கிய இராச்சிய விசா எடுத்திருந்தால் போதும், ஸ்கொட்லாந்துக்கென்று தனி விசா இல்லை. ஞாயிறு எடின்பரோவில் ஓய்வு. திங்கள் புகையிரதத்தில் இன்வர்னஸ், சுமார் மூன்றரை மணித்தியாலம். செவ்வாய் இன்வர்னஸிலிருந்து மேற்குக் கரையிலுள்ள கைல் ஒஃப் லொகால்ஷ் வரை இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய புகையிரதப் பயணம். அங்கிருந்து பஸ்ஸில் பாலத்தைக் கடந்து ஸ்கை தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீ. அந்தப் பாலம் 1995இல் திறக்கப்பட்டது. புதன் தீவில். வியாழன் பஸ்ஸில் தீவின் தெற்கே ஆர்மடேலுக்குச் சென்று, படகில் மாலேக், பின்பு புகையிரதத்தில் போர்ட் வில்லியம். வெள்ளி போர்ட் வில்லியத்திலிருந்து கிளாஸ்கோ, ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். சனி கிளாஸ்கோவிலிருந்து லண்டன்.

பயணம் சனியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் பஸ்களும் புகையிரதங்களும் மிகக் குறைவு. சில இடங்களில் சேவையே இல்லை. லூயிஸ் தீவில் ஞாயிறு ஓய்வுநாள் என்ற சமய நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்றால், ஸ்டோர்னவே துறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் படகுச் சேவை 2009 ஜூலையில்தான் தொடங்கியது. எனவே ஞாயிறு நகரத்துக்குள் வருமாறு வட்டத்தை அமைத்துக்கொண்டால் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை.

பின்னாலிருந்து முன்னுக்கு

பயணத் திட்டம் போடும்போது பலரும் காலை எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று தொடங்குவார்கள். தனியே போகிற பெண் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். இன்றிரவு எங்கே படுக்கப் போகிறேன்? அங்கே போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதற்கு முந்தியது எத்தனை மணிக்கு? அந்த முந்தியதில்தான் நான் போக வேண்டும். கடைசி வண்டி திட்டத்துக்கு உரியதல்ல. அது ஆபத்துக்கு உதவ ஒதுக்கி வைத்த வண்டி.

இந்த வட்டத்தில் கவனமாக இருக்க வேண்டிய நாள் வியாழன். அன்று பஸ், படகு, புகையிரதம் என மூன்று மாற வேண்டும். ஆர்மடேலுக்குப் போகும் பஸ்கள் குறைவு. கிராமப்புற பஸ்கள் சில பாடசாலை நடக்கும் நாட்களில் மட்டுமே ஓடும். அங்கு பாடசாலைகளின் கோடை விடுமுறை ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீடிக்கும். ஆகவே அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகளை வாசிக்காமல் விடாதீர்கள். படகு புறப்படுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பாவது துறையில் நிற்க வேண்டும். பலத்த காற்று வீசினால் படகு இரத்தாகும். மேற்குக் கரையில் படகு ஓட்டும் கல்மக் நிறுவனத்தின் கப்பல்கள் சில பழையவை என்பதால் இயந்திரக் கோளாறும் வருவதுண்டு. தீவு மக்களே இதுபற்றி நீண்டகாலமாக முறையிட்டு வருகிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டாவது வழியையும் முதலே எழுதி வைப்பது. போர்ட்ரீயிலிருந்து போர்ட் வில்லியத்துக்குப் பாலத்தின் வழியாகவே நேரடியாகப் போகும் தூரப் பயண பஸ் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். வியாழன் காலை படகு இல்லை என்று தெரிந்தால் அந்த பஸ்ஸில் ஏறிவிடலாம். அதன் நேரமும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. புகையிரதம் தாமதமாகி, அதனால் அன்றைய கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டால், உங்களை மாற்று வாகனத்தில் அனுப்புவதோ தங்க வைப்பதோ புகையிரத சேவையின் பொறுப்பு. நிலையத்தில் உள்ளவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பஸ் தாமதமாகிப் படகைத் தவறவிட்டால் அப்படி யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். எனவே பஸ்ஸுக்கும் படகுக்கும் இடையில் தாராளமாக நேரம் விடுங்கள்.

நேர அட்டவணைகளை 'டிரவல்லைன் ஸ்கொட்லாந்து' என்ற தகவல் சேவையில் பார்க்கலாம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறு வேறு அட்டவணை. பார்த்ததைக் கையால் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலைகளுக்கிடையில் பல இடங்களில் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காது. ஆங்கிலம் தடுமாறினால் போக வேண்டிய ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாரதியிடம் காட்டலாம். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு கேலிக் மொழியும் இருக்கும். இரண்டு பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். சில சிறிய நிலையங்களில் கேட்டால் மட்டுமே வண்டி நிற்கும். அவ்வாறான இடத்தில் இறங்குவதாயின் ஏறியவுடனே நடத்துனரிடம் சொல்லிவிட வேண்டும்.

வழிகாட்டி நூல்கள் எமக்குச் சொல்லாதவை

உல்லாசப் பயணிகளுக்கான நூல்கள் கோட்டைகளையும் ஏரிகளையும் பற்றிச் சொல்லும். யுத்தத்துக்குள் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று அவை யோசிப்பதில்லை. எனவே இதை நான் சொல்கிறேன்.

எடின்பரோ கோட்டையிலிருந்து ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். 1861ஆம் ஆண்டு முதல் நடக்கும் வழக்கம். துறைமுகத்திலுள்ள கப்பல்களுக்கு நேரம் அறிவிக்கத் தொடங்கியது. பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். முன்பே தெரியாமல் கேட்டால் எமது உடம்பு வேறு விதமாக நடந்துகொள்ளும். சனிக்கிழமை ஒரு மணிக்குப் பின் போய்ச் சேர்ந்து, திங்கள் காலை புறப்பட்டால் அந்தச் சத்தம் கேட்கவே வராது.

மலைநாட்டில் பிரித்தானிய விமானப் படையின் யுத்த விமானங்கள் பயிற்சிக்காகப் பள்ளத்தாக்குகளின் ஊடே மிகத் தாழ்வாகப் பறப்பதுண்டு. பெரும்பாலும் வார நாட்களில். சத்தம் திடீரென்று தலைக்கு மேல் வரும். கிபிரின் இரைச்சலைக் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய எமக்கு அது சாதாரண விடயமல்ல. வராது என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அது பயிற்சி என்பதை முன்பே அறிந்திருந்தால், திடுக்கிட்ட பின் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள ஒரு வசனம் இருக்கும். அந்த வசனத்தையும் தாளில் எழுதுங்கள். "இது பயிற்சி. நான் ஸ்கொட்லாந்தில் நிற்கிறேன்." கால்களை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். உளவளத்துணைக் கூட்டங்களில் நாம் பழகியதுதான்.

சீருடையணிந்தவர் வண்டிக்குள் வந்து பயணச்சீட்டைக் கேட்பார். அவர் சீட்டைத்தான் கேட்கிறார், அடையாள அட்டையை அல்ல. ஆபத்து நேர்ந்தால் 999. புகையிரதத்தில் எவராவது தொந்தரவு செய்தால் புகையிரதப் பொலிஸாருக்கு 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பேச வேண்டியதில்லை. அவசரமில்லாத சுகயீனத்துக்கு 111. நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் தாளின் ஒரு பிரதியைக் கொடுத்து, இரவு இத்தனை மணிக்குள் செய்தி வரும் என்று சொல்லி வையுங்கள்.

ஜூன் மாதத்தைத் தெரிவு செய்தது நல்லது. இன்வர்னஸில் அப்போது இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆனால் ஜூனில் 'மிட்ஜ்' எனப்படும் பொடிப்பூச்சிகள் காற்றில்லாத காலையிலும் மாலையிலும் கூட்டமாக வந்து கடிக்கும். நீண்ட கைச்சட்டையும் பூச்சி மருந்தும் மழை அங்கியும் பையில் இருக்கட்டும்.

தங்குவதற்கு ஹொஸ்டல்கள் மலிவு. 1931இல் தொடங்கிய ஸ்கொட்லாந்து இளைஞர் விடுதிச் சங்கத்தில் எந்த வயதினரும் தங்கலாம். பெண்களுக்கென்று தனி அறைகள் கேட்டுப் பெறலாம். பொதுச் சமையலறை இருப்பதால் சோறு வடித்துச் சாப்பிடவும் முடியும். கோடையில் போர்ட்ரீயில் இடம் கிடைப்பது கஷ்டம். எனவே தங்குமிடத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.

நீண்ட தூரப் புகையிரதச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும், ஆனால் அது குறிப்பிட்ட அந்த வண்டிக்கு மட்டுமே செல்லும். ஸ்கொட்லாந்துக்குள் ஓடும் ஸ்கொட்றெயில் சேவையில் காலை மாலை நெரிசல் நேரத்துக்கென இருந்த கூடிய கட்டணம் 2025 செப்டெம்பர் முதல் நீக்கப்பட்டுள்ளது. அங்கு மூன்று வங்கிகள் சொந்தமாக நாணயத்தாள் வெளியிடுகின்றன. லண்டன் கடைகள் சில அவற்றை வாங்கத் தயங்கும், ஆகவே அங்கேயே செலவழித்துவிடுங்கள். றோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்தின் ஐந்து பவுண் தாளில் நான் ஷெப்பர்ட் என்ற பெண்ணின் முகம் இருக்கும். கெயார்ன்கோர்ம் மலைகளில் வாழ்நாளெல்லாம் நடந்து, அதைப் பற்றி எழுதிய ஆசிரியை அவர்.

இன்னொரு ஏ9

எடின்பரோவிலிருந்து இன்வர்னஸுக்குப் போகும்போது ஜன்னலோரம் இருங்கள். டன்கெல்ட், பிளேயர் அத்தோல் என்ற நிலையங்கள் வரும். மலையகச் சகோதரிகளுக்கு இவை அறிந்த பெயர்கள். திக்கோயாவில் இதே பெயர்களில் தோட்டங்கள் உண்டு. அங்கிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து எங்கள் மலைகளுக்கு வைத்தார்கள். லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான்.

புகையிரதப் பாதையோடு கூடவே ஒரு பெரிய வீதி வரும். அதன் இலக்கம் ஏ9. ஸ்கொட்லாந்தின் நடுப்பகுதியில் தொடங்கி, பேர்த், இன்வர்னஸ் வழியாக வடகோடித் துறைமுகம் வரை சுமார் 270 மைல். வெறும் தற்செயலான இலக்கம். ஆனால் பலகையில் அதைக் கண்டால் எம்மில் எவரும் ஒரு கணம் நின்றுதான் போவோம். எங்கள் ஏ9 பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடி, யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னரே முழுமையாகத் திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் பாஸுடன் வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

அந்த ஏ9இன் கதையும் யுத்தத்தில்தான் தொடங்குகிறது. 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு மலைநாட்டு மக்களைக் கட்டுப்படுத்த ஜெனரல் வேட் என்பவர் படைகளுக்காகப் போட்ட வீதியின் தடத்தை ஒட்டியே அதன் ஒரு பெரிய பகுதி செல்கிறது. 1746இல் இன்வர்னஸுக்கு அருகே கலோடனில் நடந்த யுத்தத்தில் மலைநாட்டுப் படை தோற்றது. அதன் பின் அவர்களின் பாரம்பரிய உடை 1782 வரை சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. அடுத்த நூற்றாண்டில் செம்மறியாடு வளர்ப்பதற்காகப் பல குடும்பங்கள் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஜன்னலில் தெரியும் ஆளில்லாப் பள்ளத்தாக்குகள் எல்லாம் இயற்கையாக ஆளில்லாதவை அல்ல. கலோடனுக்கு இன்வர்னஸிலிருந்து பஸ் உண்டு. இறந்தவர்களின் குலப் பெயர் பொறித்த கற்கள் 1881இல் அங்கே நாட்டப்பட்டன. மனம் ஒத்துக்கொண்டால் போங்கள், இல்லாவிட்டால் ஆற்றங்கரையில் இருந்து தேநீர் குடியுங்கள். எங்கே போகாமல் விடுவது என்று தீர்மானிப்பதும் தனிப் பயணத்தின் சுதந்திரம்தான்.

படைக்காகப் போட்ட அந்த வழியில் இன்று பாடசாலைப் பிள்ளைகளும் முதியவர்களும் பஸ்ஸில் போகிறார்கள். 2006 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2022 ஜனவரி முதல் இருபத்திரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அங்கு பஸ் பயணம் இலவசம். 1894இல் திறந்த போர்ட் வில்லியம் பாதையில் கொரூர் என்றொரு நிலையம் வரும். பொது வீதியே போகாத வெட்டவெளி அது. ஆனாலும் புகையிரதம் அங்கே நிற்கிறது. இலாபம் மட்டும் பார்த்தால் அவ்வண்டி ஓடாது. அரசு பணம் கொடுப்பதால் ஓடுகிறது. ஸ்கொட்றெயிலும் 2022 ஏப்ரலில் அரசின் கைக்கு வந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனியே வெளிக்கிடும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது நாம் துணிவைப் பற்றியே பேசுகிறோம். துணிவு அவளிடம் ஏற்கனவே இருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஷெல்லுக்குள் நடந்தவளுக்குத் துணிவைப் பற்றி வகுப்பெடுக்க யாரும் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது ஓடுகிற பஸ், நம்பக்கூடிய நேரம், வெளிச்சமுள்ள தரிப்பிடம். அவை உள்ள இடத்தில் சாதாரண மனுஷியும் தனியே போய் வருவாள்.

லண்டன் அக்காவுக்கு ஒரு ஆலோசனை. எட்டு நாளுக்கு முன்பு ஒரு நாள் பயணம் போய்ப் பாருங்கள். லண்டனிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஓர் ஊரைத் தெரிவு செய்து, இதே முறையில் தாள் எழுதி, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தாளில் எது விடுபட்டது என்று அப்போது தெரியும். ஸ்கொட்லாந்துக்கு எழுதும் தாளில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே இருக்கும் சகோதரிகளும் ஒரு தாள் எழுதுங்கள். நீண்டகாலமாகத் தள்ளிப்போடும் ஒரு பயணம் உங்களுக்கும் இருக்கும். கண் கிளினிக்காக இருக்கலாம், காணி அலுவலாக இருக்கலாம், தங்கையின் வீடாக இருக்கலாம். திரும்பி வரும் கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊருக்கு மாலையில் பஸ்ஸே இல்லை என்று அந்தத் தாள் காட்டினால், அது உங்கள் குறை அல்ல. மாதர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளை வையுங்கள். பத்துப் பேரின் தாள்கள் சேர்ந்தால் பிரதேச செயலகத்துக்கும் போக்குவரத்துச் சபைக்கும் கொடுக்கக்கூடிய ஒரு மனு ஆகும். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். வருகிற இதழ்களில் அவற்றைப் பற்றிக் கதைப்போம்.